துடைக்காமல் விட்ட ஒரு சொட்டு எண்ணெய்

இந்த இனிய மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, மேசைமீது தண்ணீர்க் குவளை பதித்த ஈர வளையத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி அமர்ந்திருக்கும் விமானம் பழுது பார்க்கும் நம் ஹேங்கரின் ஃபோர்மேன், என் அன்பிற்கினிய சம்பந்தி அவர்களே! நிர்வாகத்தின் சார்பில் வந்து, நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேனோ என்று கைக்கடிகாரத்தைக் கவலையோடு பார்க்கும் மேலாளர் அவர்களே! இடிக்கும் மின்னலுக்கும் இமை கொட்டாத விமானிகளே! திருகாணிகளோடு திருகாணிகளாய் நாளெல்லாம் இறுகிக் கிடக்கும் தொழிலாளத் தோழர்களே! எண்ணெய்ச் சட்டைகளை ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து, இந்தக் கறை போகவே போகாதா என்று கேட்டுக் கேட்டுக் களைத்த தாய்மார்களே! எனக்கு முன்பே ஓய்வு பெற்று, எனக்கும் ஒரு நாற்காலியைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் மேலாக, இந்த விழாவின் நாயகியே, பாதுகாப்பு ஆய்வாளரே, என் மகனை மணந்ததால் எனக்கு மகளானவளே! உங்கள் அனைவருக்கும் இந்த இழுவை டிராக்டர் ஓட்டுநரின் வணக்கம் உரித்தாகுக!

என் கையில் இருக்கும் தாள்கட்டைப் பார்த்து முன்வரிசை மிரளுகிறது. மிரள வேண்டாம். நான் எழுதக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். என் எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு இருக்கும். தாள்தான் அதிகம், பேச்சு குறைவு.

தோழர்களே, எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? யாருக்காவது பதவி உயர்வா? இல்லை. புதிய விமானம் வந்து இறங்கியிருக்கிறதா? இல்லை. நடக்காமல் போன ஒன்றுக்காகக் கூடியிருக்கிறோம்! ஒரு விமானம் விழுந்திருந்தால் இந்த மைதானத்தில் இதைவிடப் பெரிய கூட்டம் கூடியிருக்கும். புகைப்படக்காரர்கள் வந்திருப்பார்கள். பெரிய மனிதர்கள் வந்து குனிந்த தலையோடு நின்றிருப்பார்கள். விழவில்லை! ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை! விழாத விமானத்துக்கு யாராவது விழா எடுப்பார்களா? எடுப்போம்! மேடை போட்டு எடுப்போம்! ஒலிபெருக்கி கட்டிச் சொல்வோம்! அழுவதற்கு ஆயிரம் பேர் கூடுகிற உலகத்தில், அழாமல் போனதற்கு நாம் நூறு பேர் கூடினால் என்ன குறைந்துவிடும்?

பின்வரிசையில் யாரோ "விஷயத்துக்கு வாங்க" என்கிறார்கள். வந்துவிட்டேன், வந்துவிட்டேன்.

ஹைட்ராலிக், ஹைட்ராலிக் என்று இந்த ஒரு மாதமாகத் தேநீர்க் கடையில்கூடப் பேசுகிறோம். அது என்ன என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். நானே கேட்டேன். விமானத்தை முன்னால் இழுத்திருக்கிறேன், பின்னால் தள்ளியிருக்கிறேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவன் இல்லை. ஒரு விடுமுறை நாளில் சமையலறையில் வைத்து மருமகளைக் கேட்டேன். பேரப்பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற, ஊசியில்லாத சிரிஞ்சுகள் இரண்டை எடுத்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாயைச் செருகினாள். தண்ணீர் நிரப்பினாள்.

"இந்தப் பக்கம் அமுக்குங்க மாமா."

அமுக்கினேன். அந்தப் பக்கத்துத் தண்டு தானாக வெளியே வந்தது. தொடவே இல்லை, வந்தது!

"இப்ப அது மேல கட்டை விரல வைங்க. நான் அமுக்குறேன்."

வைத்தேன். சின்னப் பெண்ணின் ஒரு விரல் அமுக்க, என் கட்டை விரல் பின்னுக்குப் போனது.

"தண்ணிக்குப் பதிலா எண்ணெய் மாமா. இதுக்குப் பதிலா உங்க தொடை கனத்துக்கு ஒரு சிலிண்டர். அதுதான் சக்கரத்த இறக்குது. இறக்குன சக்கரம் மடங்காம புடிச்சுக்குது."

"சரிம்மா, நடுவுல ஓட்டை விழுந்தா?"

அவள் வாயால் பதில் சொல்லவில்லை. குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் அடுப்பில், என் சட்டையில், அரிசிப் பாத்திரத்தில். என் வீட்டுக்காரி கரண்டியோடு திரும்பினார்.

"மாமனாரும் மருமகளும் வெளிய போங்க. உங்க விமானத்த எல்லாம் வாசலோட நிறுத்திக்கணும்."

இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, ஆமாம் அப்படித்தான் சொன்னேன் என்று தலையாட்டுகிறார். ஆக, தாய்மார்களே, ஹைட்ராலிக் என்பது அவ்வளவுதான். அடைபட்டிருக்கும்வரை அது ஆனை பலம். வழி கிடைத்துவிட்டால் வெறும் வழுக்கல்.

அந்தச் சிலிண்டரின் முனையில் ஒரு மூடி இருக்கிறது. தேநீர் டம்ளரின் வாய் அளவுதான். உள்ளே எண்ணெய் முட்டுகிற முட்டலை எல்லாம் தாங்குவது அந்த மூடிதான். அதில் தலைமுடி அளவு ஒரு விரிசல் விழுந்தால் எப்போது தெரியும்? புறப்படும்போது தெரியுமா? தெரியாது. மேகத்துக்குள் மிதக்கும்போது தெரியுமா? தெரியாது. ஊர் வந்துவிட்டது, உறவு வந்துவிட்டது என்று பயணி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும்போது, அப்போது தெரியும்!

வேறொரு நாட்டில், வேறொரு ஓடுபாதையில், அப்படித்தான் தெரிந்தது. இறங்கிய விமானத்தின் ஒரு கால் மடங்கியது. இறக்கை தரையைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் நடந்து வெளியே வந்தார்கள். செய்தியைக் கேட்டு நாமும் பெருமூச்சு விட்டோம். மூடியைச் செய்த நிறுவனம் உலகம் முழுவதும் உள்ள ஹேங்கர்களுக்குச் சொல்லி அனுப்பியது. என்ன சொன்னது? "லீக் தெரிந்தால் மூடியைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்." லீக் தெரிந்தால்! தோழர்களே, அந்தத் 'தெரிந்தால்' என்ற சொல்லின் மேல்தான் நம் எல்லோருடைய உயிரும் உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால், நம் ஹேங்கரில் லீக் தெரியாது. தெரியவே தெரியாது. தெரிய விடமாட்டோம்!

நம் பெருமை என்ன? நம் ஹேங்கரின் விமானத்தில் ஈரம் இருக்காது. ஒரு ஷிப்ட் போகும்போது சக்கரம், சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துத்தான் அடுத்த ஷிப்டிடம் கொடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் வருகிற ஷிப்ட் வாங்காது. "பொட்டுத் தண்ணி, பொட்டு எண்ணெய் இருந்தா நாங்க தொடமாட்டோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சுத்தமான ஹேங்கருக்கான கேடயம் வருடா வருடம் யாருக்கு வந்தது? இதோ, நம் தலைவருக்கு! என் மகனுக்குத் தன் பெண்ணைக் கொடுப்பது பற்றிப் பேசுவதற்காக இவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். விரலை என் வீட்டுக்காரியிடம் காட்டினார். அந்தச் சம்பந்தம் முடிந்ததே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஹேங்கரில் இவருக்கு என்ன பெயர்? சொல்லுங்கள்! ஆமாம், "பளபளா"! தலைவரே, முறைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்த பெயரை முகத்துக்கு நேராகச் சொல்ல இன்றைக்குத்தான் எனக்கு மைக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பளபளாவின் ஹேங்கருக்கு ஆய்வுக்கு வந்தவர் யார்? அவர் பெற்ற பெண்! வீட்டில் 'அப்பா' என்று கூப்பிடுகிறவள் வேலையிடத்தில் டார்ச் விளக்கோடு வந்து நின்றாள். ஷிப்ட் மாறுகிற நேரம். ஹேங்கர் வாசலில் விமானம் கண்ணாடி மாதிரி நிற்கிறது. சக்கரத்துக்குக் கீழே குனிந்து சிலிண்டரைப் பார்த்தாள்.

"எப்பத் தொடச்சது?"

"இப்பதான்மா" என்றார் தலைவர், பெருமையோடு.

"அதுக்கு முன்னாடி?"

"முந்தின ஷிப்ட்டு தொடச்சுட்டுத்தானே குடுத்தாங்க."

"தொடச்ச துணியில என்ன இருந்துச்சு?"

துணியா? யார் பார்த்தார்கள்! துணித் தொட்டி முழுவதும் சிவப்பு. ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு நிறம் அல்லவா? அது எந்தச் சக்கரத்தின் எண்ணெய், எந்தக் குழாயின் எண்ணெய் என்று யார் கண்டது?

"விமானம்னா லேசா ஈரம் இருக்கத்தாம்மா செய்யும். நம்மகிட்ட லீக் கெடையாது. அந்தச் செய்தி நமக்குப் பொருந்தாது."

"அப்பா, ஆளுக்கொரு துளி தொடச்சா ஆள் கண்ணுல படுறது ஒரு துளிதான். லீக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் முகம் மாறியது. இவள் குரல் மாறவில்லை.

"இத ஜாக்கியில தூக்கி நிறுத்துங்க. சக்கரத்த மடக்கி இறக்கி, மடக்கி இறக்கிப் பார்க்கணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாது."

தொடைக்கக் கூடாது! நம் ஹேங்கரில்! வேறு யாராவது சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்போம்.

"எல்லார் முன்னாடியும் என் விமானத்த அழுக்கா நிறுத்தி வைக்கச் சொல்றியா? பெத்த பொண்ணே என்னை நம்பலயா?"

"உங்கள நம்புறேன்பா. மூடியத்தான் நம்பல."

இந்த இடத்தில் நம் மேலாளர் வந்தார். அவர் அன்று சொன்னதை இங்கே சொல்லலாமா என்று கேட்கிறேன். சிரிக்கிறார், அப்படியென்றால் சொல்லலாம்.

"மேடம், வெளிய ஜனங்க மூட்டை முடிச்சோட உக்காந்திருக்காங்க. லீக் இல்லாத விமானத்த நிறுத்தறீங்க. கழட்டிப் பார்த்து ஒண்ணும் இல்லன்னா மேலிடத்துல உங்க வேலைக்கே உலை வச்சுடுவாங்க."

"தெரியும் சார். அப்ப நான் வீட்டுக்குப் போறேன். ஜனங்களும் வீடு போய்ச் சேரணும்ல?"

கை தட்டுங்கள்! தட்டலாம், தட்டலாம், நான் காத்திருக்கிறேன்.

டிராக்டரைப் பூட்டி அந்த விமானத்தை உள்ளே இழுத்து வந்தவன் நான்தான். ஒரு பக்கம் சம்பந்தி, ஒரு பக்கம் மருமகள். நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் மருமகள் ஒரு கருவிப் பெட்டியைச் சக்கரத்தடியில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எதற்கு? காவலுக்கு! யாரிடமிருந்து? நம்மிடமிருந்து! நீங்கள் சிரிக்கிறீர்கள், ஆனால் அன்று என்ன நடந்தது? நல்ல மனதோடு நம் தோழர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். பேசிக்கொண்டே போனார். கை மட்டும் தானாக நீண்டு சிலிண்டரைத் துடைக்கப் போனது.

"அண்ணே, கைய எடுங்க!"

"ஐயோ, நான் எங்கம்மா தொட்டேன்? அதுவா போகுது!"

அதுவாகத்தான் போகும். பல வருடப் பழக்கம். நம் கைகள் நம்மைக் கேட்காமலே நல்லவர்களாக இருந்தன. கண்களுக்குத்தான் வேலை கொடுக்கவில்லை.

சக்கரம் மடங்கியது, இறங்கியது. மறுபடி மடங்கியது, மறுபடி இறங்கியது. வெளியே வெயில் ஏறியது. பயணிகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று நம்மைத் திட்டினார்கள். உதட்டைப் பார்த்தாலே என்ன வார்த்தை என்று தெரிந்தது. தலைவர் மூலையில் முதுகு காட்டி நின்றார். அப்போது அந்த மூடியின் விளிம்பில் ஒரு மினுமினுப்பு. இழை மாதிரி ஒன்று ஊர்ந்து வந்து, ஓரத்தில் நின்று, திரண்டு, தொங்கியது. ஒரு சொட்டு! நம் ஹேங்கரில், யாரும் துடைக்காமல் விட்டதால், முதன்முதலாகக் கீழே விழும் உரிமை பெற்ற ஒரு சொட்டு!

தலைவர் வந்து பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஒரு சொட்டுதானே? இவ்வளவு கசியலாம்னு அளவே இருக்கு. இது அந்த அளவுக்குள்ளதான்."

"அளவுக்குள்ளதான்பா. கழட்டுங்க."

மூடியைக் கழற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். மூடி கழன்றது.

இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தேநீர் கொடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அந்த மூடியில் விரிசல் இருக்கிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. மூடியின் பெயிண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசி ஊறவிடுவார்கள். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். ஒளிந்திருந்த சாயம் பொடிக்கு மேலே எட்டிப் பார்க்கும். இதில் உயிர்நாடி எது தெரியுமா? துடைப்பது! குறைவாகத் துடைத்தால் எல்லாமே சிவப்பு, ஒன்றும் புரியாது. அழுத்தித் துடைத்துவிட்டால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும்; உடைந்த மூடி உத்தமன் மாதிரி வெள்ளையாக நிற்கும்.

அந்தச் சோதனைக்குச் சான்று பெற்ற கை நம் ஹேங்கரில் ஒன்றுதான் உண்டு. யாருடைய கை? பளபளாவின் கை!

மேலாளர் தயங்கினார். "மேடம், இவரே செய்யறது... வேற ஊர்லேருந்து ஆள் வரவழைக்கலாமா?"

அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். "வேண்டாம் சார். எங்கப்பா மாதிரி தொடைக்க ஆளே கெடையாது. அப்பா, நீங்க தொடைங்க."

தோழர்களே! தாய்மார்களே! அந்த நேரத்தில் அந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு அழுத்தல் போதும். பெயர் நிற்கும், பெருமை நிற்கும், கேடயம் நிற்கும். லீக்கே இல்லை என்று சொன்ன வாக்கு நிற்கும். மேலாளருக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியுமா? தெரியாது. பக்கத்தில் நின்ற மகளுக்காவது தெரியுமா? தெரியாது! துணி எவ்வளவு அழுத்தியது என்பது துணி பிடித்த கைக்கு மட்டும்தான் தெரியும். அழுத்தினால் அவர் ஜெயிப்பார். மகள் வேலையை இழப்பாள். மூடி மறுபடி மேலே போகும். அழுத்தாவிட்டால் மூடி பேசும். ஊர் முன்னால் அவர் தோற்பார்.

நனைந்த துணி ஒன்றைக் கையில் எடுத்தார். பார்த்தார். விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் அது அலசிவிடும் என்று தள்ளி வைத்தார். நூல் பிரியாத புதுத் துணியை மடித்தார். அதன் நுனியை மட்டும் ஈரமாக்கினார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் துடைப்பது போல, ஒரே பக்கமாக, ஒரே சீராக, மெல்ல மெல்லத் துடைத்தார். துணியைத் திருப்பினார், துடைத்தார். மறுபடி திருப்பினார், துடைத்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. அதை மட்டும் துடைக்கவில்லை. வெள்ளைப் பொடியைத் தெளித்தார். மூடி வெண்சுண்ணாம்பு மாதிரி ஆனது.

காத்திருந்தோம்.

முதலில் ஒரு புள்ளி. ஊசி குத்தியது போல ஒரு சிவப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்து நீண்டன. நீண்டு வளைந்தன. நம் கண் முன்னாலேயே, விளிம்பைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்து நின்றது!

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். குனிந்தார். நிமிர்ந்தார். ஹேங்கர் முழுவதும் கேட்கும்படி, தன் வாயால், தானே சொன்னார்.

"கிராக்!"

பிறகு சுற்றிப் பார்த்து என்னைப் பிடித்தார்.

"சம்பந்தி! வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்களே, அடுத்த வண்டிய இழுத்துட்டு வாங்க! இந்த மூடி போட்ட எல்லாமும் உள்ள வரணும்! ஒண்ணு விடக்கூடாது!"

இழுத்தேன் ஐயா, இழுத்தேன்! அன்று இழுத்தது போல என் வாழ்நாளில் நான் இழுத்ததில்லை! என் டிராக்டர் கழுதைப்புலி மாதிரி கத்தியது. நான் அதைவிடக் கத்தினேன். ஒவ்வொரு விமானமாக உள்ளே வந்தது. ஒவ்வொரு மூடியாகக் கழன்றது. ஒவ்வொன்றையும் அந்தக் கைதான் துடைத்தது. சில மூடிகள் வெள்ளையாகவே நின்றன, கை தட்டினோம். சில மூடிகள் சிவந்தன. அதற்கும் கை தட்டினோம்! எந்தக் கை விரிசலை மறைத்ததோ, அதே கைதான் விரிசலைக் காட்டியது. அது தோல்வியா? தலைவரே, நீங்கள் தலை குனிய வேண்டாம். உங்கள் மகள் தைரியமாகக் கையெழுத்துப் போட்டாள்; நீங்கள் நேர்மையாகத் துடைத்தீர்கள். இதில் எது பெரியது என்று இரண்டு பேருக்கும் உறவான என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு வேண்டும்.

அன்று வேலை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு தேநீரைக் கொண்டு வந்து மகள் முன்னால் வைத்தார். காலையிலிருந்து வேலையைத் தவிர ஒரு சொல் பேசாதவர்.

"குடி. ஒரு சொட்டு சிந்தாம கொண்டாந்திருக்கேன்."

அவள் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"அப்பா, அடியில ஈரம்."

"அடிப்பாவி!" என்றார். சிரித்தார்கள் இருவரும். கேன்டீன் முழுவதும் சிரித்தது. மேலாளரும் சிரித்தார், அவர் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன், இன்று இரண்டாவது தடவை.

அந்தச் சிவப்புக் கோடு நம் ஹேங்கரோடு நிற்கவில்லை. என் மருமகள் மேலிடத்துக்குச் சொன்னாள், மேலிடம் எல்லோருக்கும் ஆணை போட்டது. என்ன ஆணை? லீக் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், விமானம் பளபளத்தாலும் பளபளக்காவிட்டாலும், இந்த மூடி போட்ட விமானம் எதுவாக இருந்தாலும், கழற்றிச் சோதிக்காமல் பறக்கக் கூடாது. கட்டாயம்!

கட்டாயம் என்ற சொல் நமக்குப் பிடிக்காது. கேட்டதுமே முகம் சுளிக்கிறோம். யாரடா இவன் நம்மைக் கட்டாயப்படுத்த என்கிறோம். நான் உங்களைக் கேட்கிறேன்: மேலே பறக்கிறவன் யாரை நம்பிப் பறக்கிறான்? ஃபோர்மேனின் நல்ல மனதையா? ஆய்வாளரின் அசாத்தியத் துணிச்சலையா? அவள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தால்? அவள் சண்டைக்கு அஞ்சுகிறவளாக இருந்தால்? அவர் அன்று கொஞ்சம் அழுத்தித் துடைத்திருந்தால்? ஒரு மனிதரின் ஒரு நாள் நல்ல குணத்தை நம்பிப் பறப்பதல்ல விமானம்! நல்லவன் பார்க்கிறானா, சோம்பேறி பார்க்கிறானா, அப்பனும் மகளும் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று கேட்காமல், எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்க வைப்பதற்குப் பெயர்தான் கட்டாயம்! இனி எந்த ஹேங்கரிலும் எந்தப் பெண்ணும் ஒரு மூடியைக் கழற்றச் சொல்வதற்காகத் தன் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அதுதான் வெற்றி! அந்த வெற்றியைத்தான் இன்று கொண்டாடுகிறோம்!

நம் தலைவர் இதோடு விட்டாரா? மறுநாளே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். "இது சுத்தத்துக்குக் குடுத்தது. இனிமே அதிகமா லீக் கண்டுபிடிக்கிற ஷிப்ட்டுக்குக் குடுங்க." அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. முன்பெல்லாம் "என் விமானத்தில் ஈரமே இல்லை" என்று மார்தட்டியவர்கள் இப்போது "நான்தான் முதலில் பார்த்தேன்" என்று மல்லுக்கு நிற்கிறார்கள். பார்த்த பிறகுதான் துடைக்கிறார்கள். போன வாரம் ஒரு தோழர் குழாயடியில் ஈரத்தைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிவிட்டார். பார்த்தால் அது அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்து ரசம். பரவாயில்லை தோழரே! அதையும் பார்த்தீர்களே!

கொஞ்சம் இருங்கள். சத்தம் கேட்கிறதா? மைக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கள்... வேண்டாம், இருக்கட்டும். அதோ பாருங்கள், மேற்கே! தாய்மார்களே, நெற்றியில் கை வைத்துப் பாருங்கள், வெயில் கூசும். நம் விமானம்! புது மூடி போட்டு இன்று காலை முதன்முதலாகப் போனது திரும்பி வருகிறது! வயிற்றுக் கதவு திறக்கிறது, பாருங்கள். இறங்குகிறது, இறங்குகிறது... முன்சக்கரம் வந்துவிட்டது! இடது பக்கம் வந்துவிட்டது! வலது பக்கம்... வலது பக்கமும் வந்துவிட்டது! ஓடுபாதையைத் தொட்டுவிட்டது! நிற்கிறது பாருங்கள், நிமிர்ந்து நிற்கிறது! விசில் அடிக்கிறவர்கள் அடிக்கலாம்! நானே அடிப்பேன், பல் இல்லை!

இந்த நேரத்தில் தலைவர் அவர்களின் அனுமதியோடு என் உரையை... தலைவர் எங்கே? நாற்காலி காலியாக இருக்கிறதே! விழா நாயகியும் இல்லை! அதோ, படியிறங்கிப் போகிறார்கள் இருவரும். எங்கேம்மா? எதற்கு? "லீக் பார்க்க" என்று கை காட்டுகிறாள். பாராட்டு விழாவில் பாராட்டப்படுகிறவளும் இல்லை, பாராட்டத் தலைமை தாங்கினவரும் இல்லை! நான் யாருக்காகப் பேச?

கேட்கிறதா உங்களுக்கு? போகிற வழியிலேயே சண்டை. "நான்தான் மொதல்ல பார்ப்பேன்", "அப்பா, டார்ச்ச குடுங்க", "நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்". கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! அந்தச் சண்டை நடக்கிறவரை இந்த ஆகாயத்தில் யார் வேண்டுமானாலும் நிம்மதியாகப் பறக்கலாம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச விட்ட மேலாளருக்கும், திட்டிக்கொண்டே காத்திருந்து உயிரோடு வீடு போய்ச் சேர்ந்த பயணிகளுக்கும், இதோ இந்த நிமிடம் விமானப் படியில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் என் நன்றியும் வணக்கமும்!